மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து

பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை. மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், தண்ணி மாதிரி இருக்கும் ஆல்கஹால் சானிடைசர் 4 டீஸ்பூன். ஜெல் வகை வேண்டாம், திட்டுத் திட்டாக ஒட்டும். கலக்கி 10 நிமிடம் விட்டால் தூள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைப் பஞ்சில் தொட்டு, டிஷ்யூ தாளில் பூசி நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிறம் வெளுத்துப்போகும். வெறும் தண்ணீரில் கலந்தால் சரிவராது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது.

இனிதான் வேடிக்கை. துணி சோப்பைக் கெட்டியாகக் கரைத்து, பஞ்சுக்குச்சியால் அந்தத் தாளில் பெயர் எழுதச் சொல்லுங்கள். செக்கச்செவேலென்று எழுத்து எழும்பும். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதும், குழம்புக் கறை சோப்பில் சிவப்பதும் இதே சங்கதிதான்.

எலுமிச்சையை முதலில் விட்டுப் பார்த்து "ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். மஞ்சள் காரத்துக்குத்தான் நிறம் மாறும் (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பு, சுண்ணாம்பு மாதிரி புளிப்புக்கு எதிரான பொருள்). ஆப்ப சோடா காரம் குறைவு, மங்கலாகத்தான் வரும். அதற்காகச் சுண்ணாம்பைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சானிடைசர் தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யவேண்டாம். பழைய சட்டை போட்டுவிடுங்கள்!