கிவாவில் 25 டாலர் கடன் கொடுக்கும் முன்

கிவா என்பது உலகின் பல நாடுகளில் உள்ள எளியவர்களுக்கு நாம் இணையம் வழியே சிறுகடன் கொடுக்க உதவும் தளம். அது 2005இல் தொடங்கியது. முதல் கடன்கள் உகாண்டாவின் டொரோரோ ஊர்க்காரர்களுக்குப் போயின. நாம் 25 டாலரில் தொடங்கலாம். நமக்கு வட்டி கிடையாது. கடன் வாங்குபவரோ பெரும்பாலும் வட்டி கட்டுகிறார், அது கடனை அவரிடம் சேர்க்கும் உள்ளூர் நுண்கடன் (சிறுதொகைக் கடன்) நிறுவனத்துக்குப் போகிறது. ஆகவே படத்தில் சிரிக்கும் தையல்காரம்மாவைப் பார்த்ததும் பணம் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கீழே இறங்கி அந்த நிறுவனத்தின் வட்டி விவரத்தைப் படியுங்கள், தயவுசெய்து.

பல கடன்களில் நாம் பணம் போடும் முன்பே கடன் வாங்குபவர் கைக்குப் பணம் போயிருக்கும். நம் காசு அந்த நிறுவனத்தின் கையிருப்பை நிரப்புகிறது.

திருப்பிச் செலுத்தும் அட்டவணையும் முக்கியம். பெட்டிக்கடைக்கு மாதத் தவணை சரி. விவசாயிக்கு அறுவடைக்குப் பின் மொத்தமாகக் கட்டும் கடன்தான் பொருந்தும், ஆனால் மழை பொய்த்தால் முழுத்தொகையும் சிக்கும். உள்ளூர் நாணயம் சரிந்தாலும் நட்டத்தில் ஒரு பங்கு நம்மீது விழலாம். 100 டாலர் இருந்தால் நான்கு நாடுகளில் பிரித்துப் போடுங்கள்.