உள்ளே ஏறிப் பார்க்க வேண்டிய காற்றாலைகள்

நெதர்லாந்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய காற்றாலைகளை வாய்க்கால் கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இன்றும் ஓடக்கூடிய ஓர் இயந்திரத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தச் சிறிய நாட்டில், காற்றால் ஓடுவனவும் நீரால் ஓடுவனவுமாக, ஏறத்தாழ 9,000 ஆலைகள் இருந்தன. இன்று 1,200 அளவில் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் உள்ளே போகலாம். அங்கே இருக்கும் ஆலைக்காரரிடம் கேட்டால் ஒவ்வொரு சக்கரமாகக் காட்டி விளக்குகிறார். அப்படி நான் ஏறிப் பார்த்த சில ஆலைகளைப் பற்றியும், அவை வேலை செய்யும் விதம் பற்றி அங்கே தெரிந்துகொண்டதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிண்டர்டைக். ராட்டர்டாமுக்குக் கிழக்கே, லெக் ஆற்றை ஒட்டிய இந்த ஊரில் 19 ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. 1997இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாய்க்காலின் ஒரு பக்கம் 1738இல் கட்டிய எட்டுச் செங்கல் ஆலைகள். இன்னொரு பக்கம் 1740இல் கட்டிய, எண்கோண வடிவில் நாணல் வேய்ந்த எட்டு ஆலைகள். இவை எதுவும் மாவு அரைக்கக் கட்டியவை அல்ல, தண்ணீரை இறைத்து வெளியேற்றக் கட்டியவை. இந்தப் பகுதியின் மண் அழுகிய தாவரங்களால் ஆன கரிமண். அதில் பயிர் செய்ய வேண்டுமென்றால் வடிகால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்த கரிமண்ணில் காற்றுப் பட்டதும் அது மட்கிச் சுருங்கி நிலமே தாழ்ந்துபோகும். தாழ்ந்த நிலத்தில் மறுபடியும் நீர் தேங்கும். இப்படிச் சில நூற்றாண்டுகளில் வயல் ஆற்று மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட பிறகு, நீர் தானாக வடிந்து ஆற்றில் சேர வழியில்லாமல் போயிற்று. ஆலைகள் அந்த நீரைத் தாழ்வான தேக்கத்திலிருந்து உயரமான தேக்கத்துக்கு ஏற்றிவிடும். ஆற்றின் மட்டம் குறையும் நேரம் பார்த்து மதகைத் திறந்து அதை லெக் ஆற்றில் விடுவார்கள். மனிதர் வடித்ததால் தாழ்ந்த நிலத்தை மனிதரே இடைவிடாமல் இறைத்துக் காக்க வேண்டியதாயிற்று என்பதைப் புரிந்துகொண்ட பிறகு, அந்த ஆலை வரிசையை வெறும் அழகுக் காட்சியாக என்னால் பார்க்க முடியவில்லை.

இயக்கம் தலையிலிருந்து தொடங்குகிறது. இறக்கைகளைத் தாங்கும் தடித்த அச்சு, ஆலையின் தொப்பி போன்ற மேற்பகுதிக்குள் சற்றே சாய்வாகப் படுத்திருக்கிறது. அதில் மாட்டிய பெரிய பல்சக்கரம், நிமிர்ந்து நிற்கும் நடுத்தண்டின் உச்சியிலுள்ள சிறிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுத்தண்டு மாடி மாடியாகக் கீழே இறங்கி, அடித்தளத்தில் இன்னொரு சோடிப் பல்சக்கரங்கள் வழியாக நீர் இறைக்கும் சக்கரத்தைத் திருப்புகிறது. பற்கள் அனைத்தும் கடின மரத்தால் ஆனவை. ஒன்று உடைந்தால் அதை மட்டும் கழற்றிப் புதிதாகச் செருகலாம். பற்களுக்குத் தேன்மெழுகு தடவுகிறார்கள். அச்சின் கழுத்து ஒரு கல் தாங்கியின் மேல் சுழல்கிறது. அதற்குப் பன்றிக்கொழுப்புப் பூசுகிறார்கள். பல டன் எடையுள்ள இறக்கைகளும் அச்சும் இந்தக் கொழுப்புப் படலத்தின் மேல்தான் ஓடுகின்றன. ஓடும் ஆலையில் நடுத்தண்டின் அருகே நின்றால், மரப்பல் மரப்பல்லோடு சேரும் மென்மையான தட்டல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கேட்கும். அந்தத் தட்டலின் ஒழுங்கு மாறினால் எங்கோ ஒரு பல் தளர்ந்திருக்கிறது என்று ஆலைக்காரர் காதாலேயே அறிந்துகொள்கிறார்.

வெளியே இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிவது கண்ணின் ஏமாற்று. கிண்டர்டைக் ஆலைகளில் ஓர் இறக்கையின் நுனியிலிருந்து எதிர் இறக்கையின் நுனிவரை சுமார் 28 மீட்டர். நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று என்று வைத்துக்கொண்டால், நுனி மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆலைக்காரர்கள் சுற்றுகளை எண்ணுவதில்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கைகள் கீழே கடந்தன என்று எண்ணுகிறார்கள். அறுபது கடந்தால் நல்ல ஓட்டம். இறக்கை பாயும் பக்கத்தில் வேலி போட்டு யாரையும் அண்டவிடாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

நீர் இறைக்கும் துடுப்புச் சக்கரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் அதனால் நீரை ஏற்றுவது கடினம். ஆழமான ஏரிகளை வற்றடித்து நிலமாக்கியபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஒரு ஆலை ஏற்றிய நீரை அடுத்த ஆலை வாங்கி இன்னும் மேலே ஏற்றும், இப்படிப் படிப்படியாக நீர் ஏரியைச் சுற்றி வெட்டிய கால்வாயை அடையும். வடக்கு ஹாலந்தில் 1635இல் வற்றடித்து முடித்த ஸ்கெர்மர் ஏரியில் இப்படி 52 ஆலைகள் வேலை செய்தன; இன்று 11 நிற்கின்றன. ஸ்கெர்மர்ஹோர்ன் ஊரருகே உள்ள அருங்காட்சியக ஆலையில் துடுப்புச் சக்கரம் இல்லை. சாய்வாகப் படுத்திருக்கும் பெரிய மரத் திருகு அந்த வேலையைச் செய்கிறது. ஆர்க்கிமிடீசின் பெயரால் அறியப்படும் அந்தத் திருகு துடுப்புச் சக்கரத்தைவிட அதிக உயரத்துக்கு நீரை ஏற்றக்கூடியது. காற்று வலுத்த ஒரு நாளில் அதன் வாயில் நின்று பார்த்தேன். பச்சை நிற நீர் திருகின் மடிப்புகளில் ஏறி, மேல் விளிம்பில் நுரைத்துக் கொட்டுவதைப் பார்க்கும்போது, இந்த நாட்டின் ஒரு பகுதி எப்படி உண்டானது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆலையை ஓடவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நான் நினைத்ததைவிட அதிகம். முதலில் தொப்பியைத் திருப்பி இறக்கைகளைக் காற்றுக்கு நேராக நிறுத்த வேண்டும். தெற்கு ஹாலந்தில் தொப்பியிலிருந்து தரைவரை நீண்டு வரும் மர வாலின் அடியில் ஒரு கைச்சக்கரம் இருக்கும். அதன் சங்கிலியைத் தரையில் நட்ட கட்டையில் மாட்டி, சக்கரத்தை மிதித்தும் இழுத்தும் தொப்பி முழுவதையும் நகர்த்துகிறார்கள். ஸ்கெர்மர் போன்ற வடக்குப் பகுதி ஆலைகளில் இதே வேலையைத் தொப்பிக்கு உள்ளே இருந்து செய்கிறார்கள். அடுத்து, ஒவ்வொரு இறக்கையாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, அதன் சட்டத்தில் ஏணிபோல் ஏறி, பாய்த்துணியை விரித்துக் கட்ட வேண்டும். காற்று மெலிந்தால் முழுப் பாய். வலுத்தால் பாதி சுருட்டிய பாய். மிகவும் வலுத்தால் வெறும் சட்டமே போதும். கடைசியாகத் தடையை விடுவிக்க வேண்டும். மேலுள்ள பெரிய சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்த மரத்துண்டுகள் இறுகப் பிடித்திருக்கின்றன. அவற்றை இறுக்குவது ஒரு கனத்த உத்தரத்தின் சொந்த எடை. ஆலைக்காரர் கயிற்றை இழுத்து அந்த உத்தரத்தைத் தூக்கி மாட்டினால் ஆலை ஓடும்; கழற்றிக் கீழே இறக்கினால் நிற்கும். தடையைப் பிடித்து வைக்க ஆளின் பலம் தேவையில்லை, உத்தரத்தின் எடையே போதும் என்பது இந்த அமைப்பின் நுட்பம். ஆனால் புயலில் வேகம் கட்டுமீறிய ஆலையைத் தடையால் நிறுத்த முயன்றால், உராய்வில் மரம் தீப்பற்றிவிடும். பழைய ஆலைகள் சில அப்படியே எரிந்துபோயிருக்கின்றன. ஆகவே ஆலைக்காரருக்கு வானம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே கருத்துவரும் மேகத்தைப் பார்த்ததுமே பாயைச் சுருட்டிவிடுகிறவரே நல்ல ஆலைக்காரர் என்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஸான் ஆற்றங்கரையில் நிற்பவை வேறு வகை, அவை தொழிற்சாலைகள். உய்ட்கீஸ்ட் ஊரைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பவர் காற்றால் மரம் அறுக்கும் ஆலைக்கு 1593இல் காப்புரிமை பெற்றார். இறக்கைகளின் சுழற்சியை வளைந்த தண்டு ஒன்றின் மூலம் மேலும் கீழுமான அசைவாக மாற்றி ரம்பச் சட்டத்தை இயக்கியதுதான் அவருடைய சாதனை. கையால் அறுத்த காலத்தில் நாள் கணக்கில் எடுத்த வேலை விரைவாக முடிந்தது. கப்பல் கட்டப் பலகை குவிந்தது. ஆற்றின் இரு கரையிலும் மரம், எண்ணெய், சாயம், காகிதம் என்று நூற்றுக்கணக்கான ஆலைகள் எழுந்தன. இப்போது ஸான்ஸ ஸ்கான்ஸ் என்ற இடத்தில் காண்பவை அவற்றின் எச்சம். பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த கட்டடங்கள் கொண்ட ஊர் என்பதாலும், கூட்டம் மிகுதி என்பதாலும் அதைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அங்கே உள்ள ஹெட் யோங்க ஸ்காப் என்ற மர ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய ஆலை 1942இல் இடிக்கப்பட்டது, ஆனால் இடிக்கும் முன் அதை அளந்து வரைந்துவைத்த வரைபடங்கள் இருந்ததால், 2007இல் அதே அளவில் மறுபடி எழுப்பினார்கள். இன்று அதில் உண்மையாகவே மரம் அறுபடுகிறது. ரம்பச் சட்டம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மரத்தைத் தாங்கும் வண்டி ஒரு பல் அளவு முன்னே நகர்வதை அருகிலிருந்தே பார்க்கலாம்.

என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது அதன் அண்டை ஆலையான டெ ஸூக்கர். ஆளிவிதை போன்ற எண்ணெய் வித்துகளை ஆட்டும் ஆலை அது. நிமிர்ந்த நிலையில் உருளும் இரண்டு பெரிய கற்கள் விதையை நசுக்குகின்றன. நசுங்கிய மாவை அடுப்பின் மேல் கிளறிச் சூடேற்றுகிறார்கள். சூடான மாவைக் கம்பளிப் பையில் அடைத்து, அதைக் குதிரைமயிரால் ஆன உறையில் மடித்து, கனமான மரப் பெட்டிக்குள் இறுக்கி வைக்கிறார்கள். பிறகுதான் ஓசை தொடங்குகிறது. ஆலை தூக்கிப் போடும் உலக்கை ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் ஆப்பின் தலையில் திரும்பத் திரும்ப விழுகிறது. ஒவ்வொரு அடியிலும் தரை அதிர்ந்து அது கால் வழியே ஏறுகிறது. ஆப்பு இறங்க இறங்கப் பைகள் நெருங்கி, அடியில் மஞ்சள் நிற எண்ணெய் முதலில் துளியாகவும் பிறகு இழையாகவும் வடிகிறது. பையை அவிழ்த்தால் தட்டையான கெட்டிப் பிண்ணாக்கு. அது மாட்டுக்குத் தீனி. இந்த ஓசையின் நடுவே வாழ்நாளைக் கழித்த எண்ணெய் ஆலைத் தொழிலாளர்கள் பலர் காது கேளாதவர்களாகப் போனார்கள். பழைய தொழிலின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பக்கத்தில் உள்ள டெ காட் ஆலையில் இன்றும் காற்றால் சாயப்பொருள் அரைக்கிறார்கள். பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிறவர்கள் அங்கே வண்ணப்பொடி வாங்குகிறார்கள்.

மாவு ஆலைகள் நாடெங்கும் இருக்கின்றன. கல் சோடியில் கீழ்க்கல் அசைவதில்லை, மேற்கல் மட்டும் சுழலும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி காகிதத்தின் தடிமன்தான். தானியத்தைக் கல்லின் கண்ணுக்குள் விழச்செய்யும் அமைப்பு மிக எளிமையானது: கல்லோடு சுழலும் இரும்புத் தண்டு, தானியத் தொட்டியின் அடியில் உள்ள சிறு தட்டைத் தட்டித் தட்டி உலுக்குகிறது. காற்று வலுத்துக் கல் வேகமாகச் சுழன்றால் தட்டும் வேகமாக உலுங்கித் தானியம் அதிகமாக விழும். காற்று தளர்ந்தால் குறைவாக விழும். ஆலைக்காரர் அடிக்கடி மாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்துப் பார்த்து இடைவெளியைத் திருத்துகிறார். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் போட்டார். மாவு இளஞ்சூடாக இருந்தது. கல்லின் காடிகள் மழுங்கினால், அம்மி கொத்துவதுபோலவே, மேற்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு உளியால் ஒவ்வொரு வரியாகக் கொத்துகிறார்கள்.

நீராவி வந்ததும் இவை அனைத்துக்கும் கேடு வந்தது. ஹார்லமர்மேர் என்ற பெரிய ஏரியை 1852இல் வற்றடித்து முடித்தவை நீராவி இறைப்பு நிலையங்கள்தான். இன்றைய ஸ்கிபோல் விமான நிலையம் அந்த ஏரியின் படுகையில் இருக்கிறது. அதன் பிறகு ஆலைகளை ஒவ்வொன்றாக விறகுக்காக விற்றார்கள். 1923இல் பாதுகாப்புச் சங்கம் ஒன்று உருவானதால் இடிப்பு மெல்லக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் இல்லாமல் இறைப்பு நிலையங்கள் முடங்கியபோது, கிண்டர்டைக் ஆலைகளே மறுபடி நீர் இறைத்தன.

ஆனால் கட்டடத்தைச் செப்பனிட்டால் மட்டும் ஆலை பிழைக்காது என்பதை நான் பேசிய ஒவ்வொரு ஆலைக்காரரும் அழுத்திச் சொன்னார். ஓடாத ஆலையில் அச்சின் எடை எப்போதும் ஒரே பக்கத்தில் அழுத்துகிறது. இறக்கைகளின் ஒரே மூலையில் மழைநீர் தங்கி மரம் அழுகுகிறது. உள்ளே புழு அரிக்கிறது. பழுது கண்ணில் படுவதற்குள் முற்றிவிடுகிறது. ஓடவிட ஆள் வேண்டும். தொழிலாக ஆலை ஓட்டியவர்களோ அருகிவிட்டார்கள். அதனால் 1972இல் தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் தொடங்கிற்று. ஆசிரியர், பொறியாளர், ஓய்வுபெற்றவர், மாணவர் என்று யார் வேண்டுமானாலும் சேர்ந்து, எல்லாப் பருவக் காற்றிலும் பழகி, தேர்வு எழுதி ஆலை ஓட்டும் தகுதி பெறலாம். 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் பண்பாட்டு மரபாக ஏற்றது கட்டடத்தை அல்ல, இந்தக் கைத்தொழிலை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காற்றுக்கும் காவல் வேண்டியிருக்கிறது: ஆலையைச் சுற்றி 400 மீட்டர் வரை உயரமான கட்டடமும் மரமும் காற்றை மறைக்காதபடி பல ஊராட்சிகள் விதி வைத்திருக்கின்றன.

நிற்கும் ஆலையும் செய்தி சொல்லும். மேலே வர வேண்டிய இறக்கை உச்சியைத் தொடச் சற்று முன்பே நின்றிருந்தால் அந்த வீட்டில் மகிழ்ச்சி. உச்சியைச் சற்றுக் கடந்து நின்றிருந்தால் துக்கம். 2014 ஜூலையில் நெதர்லாந்துக்காரர்கள் பலர் பயணித்த எம்எச்17 என்ற மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டபோது நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நிறுத்தப்பட்டன.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். ஆண்டுதோறும் மே மாதத்தின் இரண்டாம் வார இறுதியில் தேசிய ஆலை நாள் வருகிறது. அன்று மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் ஆலைகள்கூடத் திறக்கின்றன. மற்ற நாட்களில் ஆலையில் நீல நிற நீண்ட கொடி பறந்தால், பார்வையாளர் உள்ளே வரலாம் என்று பொருள். காற்று நன்றாக வீசும் நாளாகப் பார்த்துப் போங்கள். வெயிலுக்காகக் காத்திருந்தால் ஆலை ஓடாத நாளாகிவிடக்கூடும். உள்ளே படிகள் ஏணி போலச் செங்குத்தானவை. இறங்கும்போது படியை நோக்கித் திரும்பி, பக்கத்துக் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். குழந்தைகளைச் சக்கரங்களுக்கு அருகே விடாதீர்கள். ஆலைக்காரர் வேலையாக இருந்தால் பாய் கட்டி முடிக்கும் வரை காத்திருங்கள். பிறகு தொப்பிவரை ஏறலாமா என்று கேளுங்கள். கேட்பவரை அவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.