7812-க்குத் துணையாக ஒரு பாஸ் டிரான்சிஸ்டர்: மன்னார்குடிப் பக்கம் செய்து பார்த்தது

கார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்கு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் தேவைப்பட்டது. மின்னழுத்தத்தை 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் 7812 ரெகுலேட்டர் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் தாங்காது என்பதால், எம்ஜே 2955 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டரைப் பாஸ் டிரான்சிஸ்டராக, அதாவது பெரும்பகுதி மின்னோட்டத்தைத் தன் வழியே கடத்தும் துணையாகச் சேர்த்தேன்.

டிரான்சிஸ்டரின் மூன்று முனைகளில் எமிட்டர் ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும், பேஸ் 7812-இன் இன்புட் காலுக்கும், கலெக்டர் அவுட்புட் காலுக்கும் செல்கின்றன. எமிட்டருக்கும் பேஸுக்கும் நடுவில் 3.3 ஓம் ரெசிஸ்டர். சுமை குறைவாக இருக்கும்போது ரெகுலேட்டருக்கான மின்னோட்டம் இந்த ரெசிஸ்டர் வழியாகவே போகிறது. அது 0.2 ஆம்பியரை எட்டும்போது ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் அளவு விழுவதால், டிரான்சிஸ்டர் திறந்துகொண்டு மீதிச் சுமையை ஏற்கிறது. 12 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை மட்டும் கடைசிவரை 7812-உடையதே.

ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகப் புலப்படுகிறது. இண்டிகேட்டரின் 10 வாட் பல்பு எரியும்போது 0.65 வோல்ட் காட்டிய மீட்டர், கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும் 35 வாட் பைக் ஹெட்லைட் பல்புக்கும் 0.8-க்கு மேல் ஏறவில்லை. அதாவது ரெகுலேட்டரின் பங்கு 0.3 ஆம்பியர் அளவில் நின்றுவிட, எஞ்சியதெல்லாம் டிரான்சிஸ்டர் வழியாகப் போனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது டிரான்ஸ்ஃபார்மர்தான். குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் ஊரில் 230 வோல்ட் 190-க்கு இறங்கிவிடுகிறது. 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 230-இல் போதுமானதே. ஆனால் 190-இல் அதன் ஏசி அலையின் உச்சம் 17.5 வோல்ட்தான்; அதில் ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜில் 2 வோல்ட்டும் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் ரிப்பிளில் (ஏற்ற இறக்கத்தில்) 3 வோல்ட்டும் கழிந்தபின் 12.5 வோல்ட்தான் மிஞ்சும். ரெகுலேட்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் சேர்த்து 15 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் ஸ்பீக்கரில் இரைச்சல் வராது. அதனால் 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையே தேர்ந்தேன். மின்னழுத்தம் சரியாக உள்ள நேரத்தில் கூடுதலாக நிற்கும் 10 வோல்ட்டும் வெப்பமாகிறது, டிரான்சிஸ்டரில் மட்டும் ஏறத்தாழ 27 வாட். டெல்டாவில் இப்படி மிகுதி வோல்ட்டை வெப்பமாக்கிக் கழிக்கும் லீனியர் சப்ளை கட்டுகிறவர் இந்த வெப்பத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் முடிவு. பெரிய ஹீட் சிங்க் இல்லாமல் இதைக் கட்டக் கூடாது.

2955-இன் உலோக உடலே கலெக்டர், அதாவது 12 வோல்ட் அவுட்புட். ஆகவே மைக்கா தகடும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்து, ஹீட் சிங்கைத் தொடவில்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே மின்சாரம் கொடுத்தேன்.

7812-க்குள் இருக்கும் ஷார்ட் பாதுகாப்பு வெளியே உள்ள டிரான்சிஸ்டரைக் காக்காது. அதற்காக எமிட்டருக்கு முன் 0.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டரையும், அதில் 0.7 வோல்ட் விழுந்தால் 2955-இன் பேஸ் மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் டிப் 32 டிரான்சிஸ்டரையும் சேர்த்தேன், 3.5 ஆம்பியரில் அது தடுக்கிறது. ஷார்ட் நீடித்தால் 2955-இல் 70 வாட்டுக்கு மேல் சூடேறும் என்பதால் ஃபியூசும் உண்டு.