சீலிங்கையும் போட்டோ எடுத்து வையுங்கள்

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரையைக் கடந்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், பெர்ரி நகரத்துப் பக்கம். நாங்கள் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அங்கிருந்து வெகு தெற்கே, டாம்பா விரிகுடாவை ஒட்டி. அவ்வளவு தள்ளிப் போகிற புயல்தானே என்று அக்கம்பக்கத்தில் சிலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எங்களுக்கு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததுமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆர்லாண்டோவில் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். எங்கள் தெருவுக்குள் வந்தது காற்று இல்லை, கடல்.

மறுநாள் கதவைத் தள்ளித் திறந்தபோது சுவரைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு. என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. தரையில் வழுவழுவென்று சேறு, சாக்கடையும் உப்பும் கலந்த வாடை. சோபாவை இரண்டு பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து கடலூரிலிருந்து அம்மாவின் போன். தானே புயலை நேரில் பார்த்தவர். “முதல்ல கழுவி விடு கண்ணு, சேறு காஞ்சா அப்புறம் போகாது” என்றார். நானும் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

தடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். பல புயல்களைப் பார்த்தவர். வாசலில் நின்றபடியே, “எதையும் தொடாதே, முதலில் போட்டோ எடு. ஒவ்வொரு அறையிலும் நாலு சுவர், தரை, சீலிங். தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப் வைத்து எடு” என்றார். சீலிங்கில் ஒன்றுமே இல்லையே என்றேன். “அதற்காகத்தான் எடுக்கச் சொல்கிறேன்” என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எடுத்தேன்.

இங்கே புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை, எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. வீட்டு இன்சூரன்ஸ் வேறு, வெள்ள இன்சூரன்ஸ் வேறு. காற்று கூரையைப் பிய்த்து, அந்த ஓட்டை வழியாக மழை உள்ளே வந்தால் அது வீட்டு பாலிசியின் கணக்கு. தரைமட்டத்தில் ஏறி வரும் தண்ணீர், புயல் தள்ளிக்கொண்டு வந்த கடலாகவே இருந்தாலும், வெள்ளம்தான். அதற்கு வீட்டு பாலிசி ஒரு டாலர் தராது. ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் நிறுவனம் நடத்தும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கட்டிடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர். பொருளுக்குத் தனியாகச் சேர்ந்திருக்க வேண்டும், டிடக்டபிளும் (இழப்பில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை) தனித்தனி. பொதுவாக, எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். டிவியில் புயல் படம் வந்த பிறகு ஏஜென்ட்டுக்குப் போன் செய்து பயனில்லை. எங்களிடம் இரண்டுமே இருந்தது. கடன் கொடுத்த வங்கி கட்டாயப்படுத்தியதால் இருந்தது.

போட்டோ எடுத்து முடித்த பிறகு நனைந்ததையெல்லாம் கிழிக்க ஆரம்பித்தோம். அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சார்பில் வருபவர், வரும்வரை நனைந்ததை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. தூக்கிப் போடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும். நாங்கள் கார்பெட்டில் ஒரு கை அகலம், ட்ரைவாலில் (சுவராக அடித்திருக்கும் ஜிப்சம் பலகை) ஒரு துண்டு, அலமாரிக் கதவு ஒன்று என்று வெட்டி, எந்த அறை என்று எழுதி, பையில் போட்டு வைத்தோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் படம் எடுத்தோம். ஃபேன் வாடகை, ப்ளீச், கையுறை வரை எல்லா ரசீதும் ஒரே உறையில்.

அந்தக் குப்பை தெருவோரம் மலைபோலக் கிடக்கும்போதே அடுத்த புயல் வந்தது. அக்டோபர் 9 இரவு, மில்டன். எங்களுக்குத் தெற்கே, சியெஸ்டா கீ தீவு அருகே கரையைக் கடந்தது. இந்த முறை கடல் எங்கள் பக்கம் வரவில்லை. காற்றும் மழையும்தான், ஊரில் 18 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. கராஜ் கதவுக்கு முன்கூட்டியே முட்டு கொடுத்திருந்தோம். வீட்டில் காற்று முதலில் உள்ளே புகும் இடம் அந்தப் பெரிய கதவுதான்; அது போனால் கூரையை உள்ளிருந்தே தூக்கிவிடும். ஜன்னல்களுக்கு ஷட்டர் போட்டோம். (கண்ணாடியில் டேப் ஒட்டுவது வீண் வேலை, செய்யாதீர்கள்.) கதவும் ஜன்னலும் தாங்கின. கூரையில் மேற்குப் பக்கம் ஷிங்கிள் (ஓடு போல வேயும் தகடுகள்) பறந்து, பெரிய படுக்கையறை சீலிங்கில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறை இறங்கியது. மழை விட்டதும் கூரையைப் படம் எடுத்துவிட்டுத் தார்ப்பாய் போட்டோம்.

இப்போது இரண்டு புயல், இரண்டு பாலிசி, இரண்டு க்ளெய்ம் நம்பர், இரண்டு அட்ஜஸ்டர். வீட்டு இன்சூரன்ஸ் சார்பில் வந்தவர் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். படுக்கையறைச் சுவரின் கீழ்ப்பாதி ஏற்கெனவே வெட்டியிருந்தது. சீலிங் கறையும் ஹெலீன் ஈரத்தால் வந்ததுதான், வெள்ளக் கணக்கில் சேரும் என்று எழுதிவிட்டார். அந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. என் கணவர், “விடு, கைக்காசு போட்டுச் செய்துகொள்ளலாம்” என்றார். என்னால் விட முடியவில்லை. செப்டம்பர் 27 அன்று அதே அறையில் எடுத்த சீலிங் படத்தைத் தேடி எடுத்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, ஃபேனின் நிழல் மட்டும். அதையும், அக்டோபர் 10 காலை எடுத்ததையும், கூரைப் படங்களையும் சேர்த்து, மறுபடி ஆய்வு செய்யச் சொல்லி மின்னஞ்சலில் கேட்டேன். போனில் பேசியதையெல்லாம்கூட, “இன்று நீங்கள் சொன்னது இது” என்று அன்றன்றே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். வேறொரு அட்ஜஸ்டர் வந்தார், ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். க்ளெய்மை ஏற்றுக்கொண்டார்கள்.

முழுப் பணமும் வராது. ஃப்ளோரிடாவில் ஹரிகேன் டிடக்டபிள் பெரும்பாலும் சதவீதக் கணக்கு, அதுவும் சேதத்தில் இல்லை, வீட்டுக்குப் போட்டிருக்கும் காப்பீட்டுத் தொகையில். எங்களுக்கு 2 சதவீதம். 4,00,000 டாலர் வீட்டுக்கு முதல் 8,000 டாலர் நம் பணம். பாலிசியின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இதற்கு நடுவில் கதவைத் தட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “இலவசமாகக் கூரை போட்டுத் தருகிறோம், இங்கே ஒரு கையெழுத்து” என்று மூன்று பேர் வந்தார்கள். லைசென்ஸ் நம்பரை மாநில இணையதளத்தில் சரிபார்க்காமல் யாரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். நமக்காக வாதாடப் பப்ளிக் அட்ஜஸ்டர் வைத்துக்கொள்ளலாம். அவசரநிலை அறிவிக்கப்பட்ட புயல் என்றால் முதல் ஒரு வருடத்துக்கு அவர் கட்டணம் க்ளெய்ம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

செக் வந்தபோது எங்கள் பெயரோடு வங்கியின் பெயரும் அதில் இருந்தது. கடன் இருக்கும் வீட்டுக்கு அப்படித்தான் வருமாம். அவர்கள் கையெழுத்துக்காக இன்னும் பல வாரம் காத்திருந்தோம்.

இப்போது ஒவ்வொரு ஜூன் 1ம் தேதியும், ஹரிகேன் சீசன் தொடங்கும் நாளில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு நடை நடக்கிறேன். அலமாரி திறந்து, கட்டிலுக்கடியில் குனிந்து, அப்புறம் ஒவ்வொரு அறையிலும் நடுவில் நின்று மேலே பார்த்து. அதை அன்றே அம்மாவுக்கும் அனுப்பி வைக்கிறேன், ஒரு பிரதி கடலூரிலும் இருக்கட்டும் என்று.