முடிவும் ஒரு துப்புதான்

ஒரு கேமுக்கு ஐந்தாறு முடிவுகள் இருப்பது மட்டும் பெரிய விஷயம் இல்லை. கடைசிக் காட்சியில் இரண்டு பட்டனைக் காட்டி, இதை அமுக்கினால் நல்ல முடிவு, அதை அமுக்கினால் கெட்ட முடிவு என்று பிரித்துவிட்டால் அதில் புதிரும் இல்லை, கதையும் இல்லை. ஒரு முடிவில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இன்னொரு முடிவின் பூட்டைத் திறக்க முடியும் என்று கட்டிய கேம்கள் வேறு ரகம். அவற்றில் தோற்றுப்போவதும் விசாரணையில் சேர்த்தி.

கோடாரோ உசிகோஷி எழுதி, 2009-ல் ஜப்பானில் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த 'நைன் ஹவர்ஸ், நைன் பெர்சன்ஸ், நைன் டோர்ஸ்' இதற்குச் சரியான உதாரணம். ஒன்பது பேர் ஒரு கப்பலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் 1 முதல் 9 வரை ஒரு எண். எண் போட்ட கதவைத் திறக்க மூன்று முதல் ஐந்து பேர் வரை சேர வேண்டும். அவர்களுடைய எண்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் கதவின் எண் வர வேண்டும். ஆரம்பத்திலேயே 9-ஆம் எண்காரர் இறந்துவிட, மிச்சம் எட்டுப் பேர். எதிரே 4, 5 என்று இரண்டு கதவுகள். 2, 5, 6 சேர்ந்தால் 13, அதாவது 4. மீதி 1, 3, 4, 7, 8 சேர்ந்தால் 23, அதாவது 5. எட்டு எண்களின் மொத்தம் 36, அதைக் கூட்டினால் 9. அதனால் ஒரு குழு 4-க்குப் பொருந்தினாலே மற்றது தானாக 5-க்குப் பொருந்திவிடும். கணக்கு அவ்வளவுதான். யாரோடு போவது, யாரை விட்டுப்போவது என்பதில்தான் கதை கிளை பிரிகிறது. உண்மையான முடிவுக்குப் போக, அதற்கு முன்னால் வேறொரு குறிப்பிட்ட முடிவைப் பார்த்திருக்க வேண்டும். டிஎஸ் பதிப்பில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆடி, தீர்த்த புதிர்களையே திரும்பவும் தீர்க்க வேண்டும். பலர் பாதியில் விடுவது அங்கேதான். 2017-ல் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி நோனரி கேம்ஸ்' தொகுப்பில் கதைக்கிளைகள் வரைபடமாகவே இருக்கும், வேண்டிய இடத்துக்குத் தாவலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே வாங்குங்கள்.

அதே தொகுப்பில் உள்ள 'விர்ச்சூஸ் லாஸ்ட் ரிவார்ட்' 2012-ல் வந்தது. இதில் எல்லோருக்கும் தொடக்கத்தில் 3 புள்ளி, வெளியேற 9 வேண்டும், பூஜ்யமானால் மரணம். இரு தரப்பும் கைகோத்தால் ஆளுக்கு 2 கூடும். ஒருவர் மட்டும் துரோகம் செய்தால் அவருக்கு 3 கூடும், நம்பியவருக்கு 2 குறையும். சில கிளைகள் நடுவில் பூட்டிக்கொண்டு நிற்கும். கேம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், சாவி வேறொரு கிளையில் இருக்கிறது.

போனில் மட்டும் ஆடுபவர்களுக்கு 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' நல்ல தொடக்கம். லூகஸ் போப் 2013-ல் வெளியிட்டார், 2022-ல் போனுக்கும் வந்தது. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்ப்பதுதான் வேலை. மொத்தம் 31 நாள், 20 முடிவுகள். ஒரு ஆளைச் சரியாகச் சோதித்தால் 5 கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து அபராதம். ஒரு நாள் கணவன் சரியான தாள்களோடு கடந்து போகிறார். அடுத்து வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை, கெஞ்சுகிறாள். அவசரத்தில் இரண்டு எச்சரிக்கையையும் முன்பே தீர்த்திருந்தால் அவளை விடுவதற்கு வீட்டுச் சாப்பாட்டுக் காசு போகும். அதனால் தெரிந்தவர்கள் அந்த இரண்டு தப்பையும் இப்படிப்பட்ட ஆட்களுக்காகப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். ஒரு விதி மனசாட்சிக் கேள்வியாக மாறும் இந்த இடத்துக்காகவே இதைக் கொண்டாடலாம். சேவ் ஆவது ஒவ்வொரு நாளின் முடிவில்தான். நம்ம ஊர்ப் பக்கம் இடி இடித்துக் கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் அன்றைய நாள் முழுக்கத் திரும்ப ஆட வேண்டும். பழைய நாளுக்குப் போய் வேறு வழி எடுத்தாலும் முந்தைய கிளை அழியாது.

லூகஸ் போப்பே 2018-ல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்', தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை நின்று பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். வில்லேந்திய வீரன், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு, வட்டெழுத்தில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்ற செய்தி. எழுத்து இல்லாத கல்லானால் சிற்பத்தை வைத்தே ஊகிக்க வேண்டும். இந்த கேமிலும் அதே வேலை. 1807-ல் ஆளில்லாமல் திரும்பிய கப்பலில், பிணத்தருகே கடிகாரத்தைத் திறந்தால் சில குரல்கள் கேட்கும், பிறகு அந்த ஆள் இறந்த நொடி அப்படியே உறைந்து நிற்கும். 60 பேருக்கும் பெயர், என்ன ஆனார், யாரால் என்று நிரப்ப வேண்டும். மூன்று பேருடையது சரியானால்தான் கேம் உறுதிசெய்யும், குருட்டாம்போக்கில் போட்டுத் தள்ள முடியாது. முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்: தூங்கும் தொங்குபடுக்கையில் உள்ள எண் ஆட்பட்டியலின் எண்ணோடு பொருந்தும், பேச்சின் வழக்கு நாட்டைக் காட்டிக்கொடுக்கும். ஹெட்போன் அவசியம். வேலை முடியும் முன்னரே படகேறிப் போகலாம், கேம் முடியும். ஆனால் ஒரு அத்தியாயம் மூடியே இருக்கும்.

வரிசை மாறினால் கெடும் கேமும் உண்டு. 2015-ல் வந்த 'அண்டர்டேல்' பழைய ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும். எல்லோரையும் கொல்லும் வழியை முதலில் முடித்துவிட்டால், பிறகு யாரையும் கொல்லாமல் ஆடினாலும் கடைசிக் காட்சி மாறிப்போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

எந்த கேமானாலும் முதல் சுற்றை வாக்த்ரூ வீடியோ (முழு ஆட்டத்தையும் ஆடிக்காட்டும் வீடியோ) பார்க்காமல் ஆடுங்கள். சேவ் இடங்கள் பல இருந்தால் ஒன்றின் மேலேயே எழுதாமல், கதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒன்று போடுங்கள். நோட்டில் இரண்டு பத்தி போதும்: பார்த்தது இடப்பக்கம், ஊகித்தது வலப்பக்கம். இரண்டும் கலந்துவிட்டால் ஊகமே உண்மை மாதிரி ஆகி, அதன் மேல் கட்டியதெல்லாம் தப்பாகும். இந்த ஐந்துமே ஆங்கில வசனத்தை நம்பி நிற்பவை. படிக்கச் சிரமமாக இருந்தால் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' எடுங்கள், அதில் வாக்கியங்கள் சின்னவை. உசிகோஷியின் கேம்களில் வசனம் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றை வேகமாகத் தள்ளினால் துப்பும் சேர்ந்தே போய்விடும்.