பார்பரி லேன் வீட்டுக்காரம்மா

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மேட்டுச் சந்து, படியேறிப் போனால் பழைய வீடு ஒன்று, வீட்டுக்காரம்மா பெயர் ஆனா மாட்ரிகல். புதிதாகக் குடிவருபவர் கதவில் கஞ்சா சிகரெட் ஒன்றை ஒட்டிவைத்து வரவேற்கும் இந்த அம்மாவைச் சுற்றித்தான் ‘டேல்ஸ் ஆஃப் தி சிட்டி’ என்ற தொலைக்காட்சித் தொடர் சுழல்கிறது. பெற்றவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியாதவர்கள், ஊரைவிட்டு வந்தவர்கள், எல்லோருக்கும் வாடகைக்கு இடம் கொடுத்து கொஞ்ச நாளிலேயே தாயாகிவிடுகிறார். அவர் ஒரு திருநங்கை.

ஆர்மிஸ்டெட் மாப்பின் 1976-ல் சான் ஃபிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழில் எழுதிய தொடர்கதைதான் மூலம். 1993-ல் பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் ஒளிபரப்பியபோது பெரிய வரவேற்பு, கூடவே பெரிய எதிர்ப்பு, கடைசியில் இரண்டாம் பாகத்துக்குப் பணம் போட பிபிஎஸ் முன்வரவில்லை. ஷோடைம் என்ற கேபிள் சேனல் 1998-லும் 2001-லும் தொடர்ந்தது. 2019-ல் நெட்ஃபிளிக்ஸில் 10 எபிசோடுகள் வந்தன. நான்கிலும் ஆனாவாக ஒலிம்பியா டுகாகிஸ், அந்த வீட்டுக்குக் குடிவரும் மேரி ஆன் என்ற பெண்ணாக லாரா லின்னி.

நான் பேச வந்தது அந்த 2019 தொடரைப் பற்றி. மிரட்டல் கடிதம், யார் அனுப்பியது என்ற மர்மம் எல்லாம் இழுவை, அதை விட்டுவிடலாம். ஜேக், மார்கோ ஜோடியைப் பாருங்கள். ஜேக் திருநம்பியாக மாறிய பிறகு வெளியில் எல்லோரும் அவர்களை சாதாரண ஆண்-பெண் ஜோடியாகத்தான் பார்க்கிறார்கள். மார்கோவோ பெண்ணை விரும்பிய பெண். காதலன்மேல் கோபம் இல்லை, ஆனாலும் தன்னைச் சேர்ந்த கூட்டத்துக்கே தான் அந்நியமாகிவிட்டோமே என்ற வலி அவளுக்கு இருக்கிறது. யாரையும் வில்லனாக்காமல் இதைச் சொல்லியிருக்கிறார்கள், அது எவ்வளவு கஷ்டம்!

அப்புறம் அந்த விருந்துக் காட்சி. ஆனா வீட்டில் குடியிருந்தவர்களில் ஒருவரான மைக்கேலின் இளவயதுக் காதலன் பென், கருப்பினத்தவன், வயதில் மூத்த வசதியான வெள்ளைக்கார தன்பாலின ஈர்ப்பாளர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறான். திருநங்கைகளை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தை மேசையில் விழுகிறது, அவன் ஆட்சேபிக்கிறான். உடனே ஒருவர் வெடிக்கிறார்: எய்ட்ஸில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்தபோது அரசாங்கமும் நாடும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா? அவருடைய துக்கம் நிஜம். ஆனால் அந்தத் துக்கத்தை வைத்தே இன்னொருவன் வாயை அடைப்பது நியாயமா? என் மனசு பென் பக்கம்தான். அவனுக்காகப் பேசாமல் மைக்கேல் உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எட்டாவது எபிசோடு 1966-க்குப் போகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் டெண்டர்லாயின் பகுதியில் காம்ப்டன்ஸ் கஃபேடீரியாவில் போலீஸ் தொல்லை தாங்காமல் திருநங்கைகள் திருப்பியடித்தது நிஜமாகவே நடந்தது, அதுவும் போலீஸை எதிர்த்து நியூயார்க்கில் தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநங்கைகளும் நடத்திய புகழ்பெற்ற ஸ்டோன்வால் கலகத்துக்கு மூன்று வருடம் முன்னால். டுகாகிஸ் அருமையான நடிகை, ஆனாலும் அவர் திருநங்கை இல்லையே என்ற குறை 1993-லிருந்தே இருந்தது. இதில் இளம் ஆனாவாக வருபவர் திருநங்கையான ஜென் ரிச்சர்ட்ஸ். அவருடன் திருநங்கைத் தோழியாக வரும் டேனியலா வேகாவும் திருநங்கைதான். அந்த வீட்டை வாங்கும் பணம் ஆனாவுக்கு எப்படி வந்தது என்பதையும் இங்கேதான் சொல்கிறார்கள். அத்தனை பேருக்கும் தாயான ஒருத்தி அதற்கு முன்னால் எதைச் செய்தாள், எதைச் செய்யாமல் விட்டாள் என்று கேட்க இந்தத் தொடருக்குத் தைரியம் இருந்திருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நேசிக்கிறேன்.

முதலில் 1993 தொடரைப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், எட்டாவது எபிசோடு அப்போதுதான் முழுசாக வலிக்கும்.