திட உந்துபொருள் ஆய்வேடு: வெப்பத்தையும் வலிமையையும் சேர்த்தே படியுங்கள்

முதுநிலைப் பொறியியலில் திட ராக்கெட் உந்துபொருளை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வெப்பக் கடத்தலை ஓர் அத்தியாயமாகவும் இழுவிசைச் சோதனையை இன்னோர் அத்தியாயமாகவும் பிரித்துவிடாதீர்கள். ஹெச்டிபிபி என்ற ரப்பர் பிணைப்பில் அம்மோனியம் பெர்குளோரேட் துகளும் அலுமினியத் தூளும் கலந்த அந்தப் பொருளுக்கு, வெப்பநிலையைச் சொல்லாமல் வலிமை என்று ஒன்று கிடையாது.

மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் கணக்குப் போடுங்கள். இதன் வெப்ப விரவுதிறன், அதாவது வெப்பநிலை மாற்றம் பொருளுக்குள் பரவும் வேகத்தின் அளவு, நொடிக்கு ஏறத்தாழ 0.2 சதுர மில்லிமீட்டர். தடிமனின் வர்க்கத்தை அதனால் வகுத்தால், வெப்பம் அந்தத் தடிமனைக் கடக்க ஆகும் நேரம் தோராயமாகக் கிடைக்கும்: 10 சென்டிமீட்டருக்குச் சுமார் 14 மணி நேரம் வரும்; 1 மீட்டருக்கு ஏறத்தாழ 58 நாள்! 3.2 மீட்டர் விட்டமுள்ள இஸ்ரோவின் எஸ்200 போன்ற மோட்டார்களில் வெப்பம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பது இந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும். எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இந்தக் கணக்கால்தான்.

வார்த்து இறுகிய பிறகு ஆறும்போது, உந்துபொருள் எஃகு உறையைவிடச் சுமார் எட்டு மடங்கு சுருங்கப் பார்க்கும். உறையோடு ஒட்டியிருப்பதால் அது முடியாது. உந்துபொருளின் நடுவே ஓடும் துளையின் பரப்பில் திரிபும் (நீட்சியின் அளவு), ஒட்டிய விளிம்புகளில் தகைவும் (பரப்பலகுக்கான விசை) ஏறும். துளையில் விரிசல் விழுந்தால் எரியும் பரப்பு கூடி, உறை தாங்கும் அளவை அழுத்தம் மீறக்கூடும்.

இந்தச் சுருக்கம் நாள்கணக்கில் நடப்பது. பற்றவைக்கும்போதோ அழுத்தம் ஒரு நொடிக்குள் ஏறிவிடும். மெதுவாக இழுத்தால் இளகும், வேகமாக இழுத்தால் விறைக்கும் பொருள் இது. குளிர்ச்சியும், இழுக்கும் வேகத்தைப் போலவே, விறைப்பைக் கூட்டும். ஆகவே அறை வெப்பநிலையில், நிமிடத்துக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் எடுத்த ஒற்றை மீள்குணகத்தை (விறைப்பைக் குறிக்கும் எண்) இரண்டு நிலைக்கும் போடக் கூடாது. பொருளை இழுத்துப் பிடித்து, தகைவு நேரத்தோடு குறைவதை அளக்கும் தளர்வுச் சோதனையைப் பல வெப்பநிலைகளில் செய்து, வளைகோடுகளை நேர அச்சில் நகர்த்தி ஒரே கோடாக்குங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் துருவிக் கேட்டதும் அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் உண்மையான உந்துபொருளைத் தொடவே வேண்டாம். பெர்குளோரேட்டுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த எரியாத கலவையே சோதனை முறையைக் கற்கப் போதும். கணினி மாதிரியில் ஒன்றைக் கவனியுங்கள்: பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டியிருப்பதால், அதாவது அழுத்தினாலும் கனஅளவு ஏறக்குறைய மாறாததால், மாதிரியைப் பிரிக்கும் சிறு துண்டுகளான உறுப்புகளில் சாதாரண வகை பொய்யான விறைப்பைக் காட்டும். அழுத்தத்தையும் தனி மாறியாக எடுக்கும் கலப்பு உறுப்புகளையே தேர்ந்தெடுங்கள்.